துடைப்பம் பிடித்தவன் குருதி

குறி பார்த்துச் சுடுகிறான் ஒருவன். எதிரே தொங்குகிறது காகித உருவம். விரல் அசைகிறது, வெடி முழங்குகிறது, காகிதத்தின் நெஞ்சிலே துளை விழுகிறது. காகிதத்துக்கு வலியில்லை. சுட்டவனுக்கோ களிப்பு. கட்டணம் வாங்கிய உரிமையாளருக்கு வருவாய். ஆகா, எவருக்கும் தீங்கில்லாத விளையாட்டு என்றுதான் எண்ணத் தோன்றும். ஆனால் அந்தக் கூடத்தின் மூலையிலே துடைப்பத்தோடு நிற்கிறானே ஒருவன், அவனைக் கண்டீர்களா? அவன் மீதும் குண்டு பாய்ந்திருக்கிறது. ஓசை எழவில்லை, காயம் காணவில்லை, ஒரு சொட்டுக் குருதியும் தரையிலே சிந்தவில்லை. ஏனெனில், குருதிக்குள்ளேயே குடியேறிவிட்டது அந்தக் குண்டு!

அமெரிக்க நாட்டில், கூரைக்குக் கீழே, நான்கு சுவர்களுக்குள்ளே நடக்கின்ற துப்பாக்கிப் பயிற்சிக் கூடங்களைப் பற்றிப் பேசுகிறேன். தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்வதற்கென அந்நாட்டு அரசே அமைத்திருக்கும் நையோஷ் என்னும் கழகம், 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்சரிக்கையிலே, இத்தகைய கூடங்கள் 16,000 முதல் 18,000 வரை இருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காவல் துறையினர் அங்கே பயிற்சி பெறுகின்றனர் என்றும், குறி பார்த்துச் சுடுவோர் 2 கோடிப் பேர் என்றும் அந்த ஏடு சொல்லிற்று.

"வாஷிங்டன் எங்கே, வண்ணாரப்பேட்டை எங்கே? அரிசி விலையைப் பேச வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் அமெரிக்கக்காரன் துப்பாக்கியைப் பேசுகிறானே இவன்!" என்று முணுமுணுக்கும் நண்பருக்கு ஒரு சொல். காய்ச்சிய ஈயத்தைக் காதிலே ஊற்று என்று எழுதி வைத்த பழைய நீதியை மேடைதோறும் கண்டித்து வளர்ந்தவர்கள் நாம். ஊற்றியவன் எந்த நாட்டான், ஊற்றப்பட்டவன் எந்த நாட்டான் என்று பார்த்தா கண்டித்தோம்? அன்று காது, இன்று மூக்கு. அன்று கொதிக்கக் கொதிக்க ஊற்றினர். இன்று பொடியாக்கிக் காற்றிலே தூவுகின்றனர். சட்டம் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் மாறவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குடிமகன் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பது வேறு வழக்கு. அந்த வழக்கில் எனக்குக் கருத்து உண்டு. ஆனால் இன்றைக்கு அதை உறையிலிட்டு வைக்கிறேன். சுடுகிறவன் சுடட்டும். கூட்டுகிறவன் ஏன் சாக வேண்டும்? அதுதான் இன்றைய கேள்வி.

ஈயம் என்றதும் ரசம் கொதிக்கும் ஈயச்சொம்பை எண்ணித் தாய்மார்கள் திடுக்கிட வேண்டாம். கலப்படமற்ற ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நான் சொல்வது காரீயம். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். விட்டுவந்த வேதியியலை இந்தக் கட்டுரைக்காகத் திரும்பவும் தேடிப் படித்தேன். தோட்டாவின் முனையிலே பாய்ந்து செல்லும் குண்டு பெரும்பாலும் காரீயம். தோட்டாவின் அடியிலே, ஊசி வந்து தட்டியதும் தீப்பொறி கக்குகின்ற சின்னஞ்சிறு கிண்ணம் இருக்கிறதே, அதற்குள்ளும் லெட் ஸ்டைஃப்னேட் என்னும் காரீயச் சேர்மம். தட்டியவுடன் அது வெடித்துப் புகையாகிறது. அந்த வெப்பத்திலே குண்டின் அடிப்பாகம் உருகி ஆவியாகிறது. குழலின் சுவரிலே உராய்ந்து மேலும் கொஞ்சம் தேய்கிறது. கடைசியில், குண்டு தாங்கும் சுவரிலே மோதி நொறுங்கித் தூளாகிறது. ஒவ்வொரு வெடிக்கும் இத்தனை முறை காரீயம் காற்றிலே கலக்கிறது! திறந்த வெளியாயிருந்தால் காற்று சற்றே கொண்டுபோகும். அடைத்த கூடத்திலோ, போக்கிடமின்றிச் சுழல்கிறது. சுழன்று தரையிலே, மேசையிலே, சட்டையிலே, தலைமயிரிலே படிகிறது. வாயுள்ளவன் விழுங்குகிறான், மூக்குள்ளவன் முகர்கிறான்.

உள்ளே புகுந்த காரீயம் என்ன செய்கிறது? வேடம் போடுகிறது, தோழர்களே! நாடகக்காரன் நான், எத்தனையோ வேடங்களைப் பார்த்திருக்கிறேன். இதைப்போல் வேடக்காரனை மேடையிலே கண்டதில்லை. சுண்ணாம்புச் சத்தைப்போல் வேடமிட்டு எலும்புக்குள் நுழைந்து, ஆண்டுக் கணக்கிலே, ஏன், பத்தாண்டுக் கணக்கிலே அங்கேயே பதுங்கியிருக்கிறது. வேலையை விட்டு விலகிய பிறகும் எலும்பிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாகக் குருதிக்குக் கசிகிறது. தாய்மை அடைந்த பெண்ணாயின், பிள்ளைக்கென எலும்பு கரைந்து சுண்ணாம்புச் சத்தைத் தரும்போது, அந்தக் கூட்டத்தோடு காரீயமும் கிளம்பிக் கருவறைக்குள் போகிறது. குருதி அழுத்தத்தை ஏற்றுகிறது, சிறுநீரகத்தை அரிக்கிறது, நரம்பைத் தளர்த்துகிறது, ஆணின் விந்தையும் விடுவதில்லை. மிகுந்து போனால் வயிற்றைப் பிசைந்து சுருட்டும் வலி. மணிக்கட்டு தொங்கிப் போதல். குறைவாயிருக்கும்போதோ, கொடுமை அங்கேதான் இருக்கிறது: தலைவலி, சோர்வு, சிடுசிடுப்பு, உறக்கமின்மை. இவற்றுக்காக எந்தக் கூலிக்காரன் மருத்துவரிடம் ஓடியிருக்கிறான்? "வயதாகிறது" என்று தன்னைத் தானே நொந்துகொள்வான். மனைவி "வரவர எரிந்து விழுகிறீர்கள்" என்பாள். எரிந்து விழுவது அவனா, அவன் தலைக்குள்ளிருக்கும் காரீயமா?

பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். சரி, அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

1978இல் வந்தது அந்தச் சட்டவிதி. அதைத் தூற்ற மாட்டேன். அந்தக் காலத்துக்கு அது வெற்றி. ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் வரை காரீயம் இருக்கலாம் என்றிருந்ததை 50 ஆகக் குறைத்தது. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் மைக்ரோகிராம். ஓஷா என்று சுருக்கி அழைக்கப்படும் தொழிற்பாதுகாப்பு ஆணையகத்துக்கு அப்போது தலைமை ஏற்றிருந்தவர் யூலா பிங்காம் என்னும் அறிவியல் அம்மையார். நஞ்சேறிய தொழிலாளியை அந்த வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். விலக்கிய காலத்தில், 18 மாதம் வரை, சம்பளமும் பணிமூப்பும் குறையக் கூடாது என்று எழுதினார்கள். சம்பளம் போய்விடும் என்று அஞ்சி நோயை மறைப்பானே தொழிலாளி, அந்த அச்சத்தை அறிந்து எழுதிய விதி அது! காரீய முதலாளிகள் வழக்குமன்றம் ஏறினார்கள். 1980இல் மேல்முறையீட்டு மன்றம் விதியின் பெரும்பகுதி செல்லும் என்றது. வாழ்த்துவோம்.

ஆனால் எந்த அளவில் விலக்குவது? ஒரு டெசிலிட்டர் குருதியில் 60 மைக்ரோகிராம். அல்லது தொடர்ந்து பார்த்த சராசரி 50. மருத்துவர் தனியே எழுதிக் கொடுத்தாலன்றி, அதற்குக் கீழே இருப்பவன் வேலையைச் செய்ய வேண்டியவனே. 40ஐத் தொட்டுவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குருதியை எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "போ, கூட்டு!" என்பார்கள்.

அதே அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 2021இல் குழந்தைகளுக்கு வகுத்த எண் எது தெரியுமா? 3.5! அதுவும் "இதுவரை அஞ்ச வேண்டியதில்லை" என்ற எல்லையன்று. "இதைத் தாண்டினால் விழித்தெழு" என்று அடிக்கின்ற மணி. வயது வந்தவர் குருதியிலும் அதே 3.5ஐத்தான் உயர்ந்த அளவு என்று குறிக்கிறது நையோஷ். ஓர் அரசாங்கம், இரண்டு அலுவலகங்கள். ஒன்று 3.5 என்றதும் மணியடிக்கிறது. மற்றொன்று 60 வரும்வரை கொட்டாவி விடுகிறது. பதினேழு மடங்கு! குடிமகனின் குருதிக்கு ஒரு படி, கூலிக்காரன் குருதிக்கு ஒரு மரக்கால் என்று அளக்கின்ற கணக்குப்பிள்ளை எவன்?

1978க்குப் பிறகு மருத்துவம் உறங்கிவிடவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே கேட்டுக்கொண்டதன் பேரில் அந்நாட்டு அறிவியல் பேரவையின் ஆய்வுக்குழு ஆராய்ந்து, 2012 டிசம்பரில் தன் முடிவைச் சொல்லிற்று: துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில் பணியாற்றுவோரைக் காக்க அந்தப் பழைய அளவுகள் போதா. சொன்னவர்கள் தொழிற்சங்கத்தார் அல்லர். கொடி பிடித்தவர் அல்லர். இராணுவமே அழைத்து வைத்த அறிஞர்கள்!

இங்கேதான் உரிமையாளர் தரப்பு வழக்கறிஞர் எழுகிறார். அவர் வாதம் ஒன்றே ஒன்று. நூறாண்டாக மாறாத ஒன்று. கேளுங்கள். கேட்பதற்கு எளிதாக, என் பழக்கப்படி, அதைக் காட்சியாக எழுதிவிடுகிறேன்.

(சுடுகூடத்தின் அலுவலறை. உரிமையாளர் நாற்காலியில். ஊழியன் நின்றபடி.)

ஊழியன்: ஐயா, என் குருதியில் காரீயம் 45 என்று எழுதியிருக்கிறார் மருத்துவர்.

உரிமையாளர்: 45தானே! சட்டம் 60 என்கிறது. இன்னும் 15 பாக்கி இருக்கிறதே, அப்பனே!

ஊழியன்: வயிறு வலிக்கிறது ஐயா. இரவில் உறக்கமில்லை.

உரிமையாளர்: உண்ணும் முன் கை கழுவுகிறாயா?

ஊழியன்: கழுவுகிறேன்.

உரிமையாளர்: நன்றாகக் கழுவுகிறாயா?

ஊழியன்: கையைக் கழுவிவிட்டேன் ஐயா. மூச்சுப்பையை எந்தக் குழாயடியில் கழுவுவது?

உரிமையாளர்: அடக்கமில்லாத பேச்சு! வாடிக்கையாளர்களும்தான் வந்து போகிறார்கள். அவர்கள் எவரும் புகார் சொல்லவில்லையே!

ஊழியன்: அவர்கள் ஒரு மணி நேரம் இருக்கிறார்கள். நான் எட்டு மணி நேரம் இருக்கிறேன். அவர்கள் சுட்டுவிட்டுப் போகிறார்கள். நான் சுட்டதை அள்ளுகிறேன்.

கற்பனைதான் இந்தக் காட்சி. அந்த 15 பாக்கி கற்பனையன்று. கை கழுவாத குற்றம் என்னும் வாதமும் கற்பனையன்று. 1910இல் இல்லினாய் மாநிலத்துக்காகக் காரீயத் தொழிற்சாலைகளை ஆராயப் புறப்பட்டார் ஆலிஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவ அம்மையார். முதலாளிகள் அன்றே அவரிடம் பாடிய பல்லவி இதுதான்: தொழிலாளி அழுக்கன், கை கழுவாதவன், ஆகவே நோயாளி. அம்மையார் ஆலைக்குள்ளே மட்டும் பார்க்கவில்லை. மருத்துவமனை ஏடுகளைப் புரட்டினார். தொழிலாளர் வீடுகளுக்கே போய் நோயாளிகளைத் தேடினார். விழுங்கியதைவிட மூச்சிலே இழுத்த தூசும் புகையுமே பெருங்கேடு என்று நாட்டுக்கு எடுத்துரைத்தார். பின்னர் 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக ஏற்றது. அங்கே ஆசிரியப் பொறுப்பேற்ற முதல் பெண்மணி அவரே. ஏற்றதோடு, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்களாம். படித்தவர்கள் பெருந்தன்மை அப்படி! அது கிடக்கட்டும்.

கை கழுவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழுவத்தான் வேண்டும். கூடத்துக்குள்ளே உண்ணவும் கூடாது, புகைக்கவும் கூடாது. வேலை உடையையும் காலணியையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்; இல்லையேல் வண்டியின் இருக்கையிலும், வாசற்படியிலும், ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் கன்னத்திலும் அந்தத் தூசு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இவையெல்லாம் கடைசிப் படிகள். முதற்படி உரிமையாளர் காலடியில் இருக்கிறது. சுடுபவன் முதுகுப்புறத்திலிருந்து காற்று சீராகப் புறப்பட்டு, சுடும் கோட்டிலே நிமிடத்துக்கு 75 அடி வேகத்தில் பாய்ந்து, புகையைக் குண்டு தாங்கும் சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டு போய், வடிகட்டி வழியாக வெளியேற வேண்டும் என்று நையோஷ் வகுத்துக் கொடுத்திருக்கிறது. உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாதே. நுண்தூசியையும் பிடித்து வைக்கும் வடிகட்டி பூட்டிய உறிஞ்சு பொறியாலோ, ஈரத்தாலோ துப்புரவு செய் என்கிறது. காரீயமில்லாத குண்டும், காரீயமில்லாத வெடிமருந்துக் கிண்ணமும் சந்தையிலே இருக்கின்றன. அவற்றை வாங்கு என்கிறது. எதுவும் கண்டுபிடிக்கப்படாத அதிசயமல்ல. எல்லாம் விலைக்குக் கிடைப்பவை. விலைக்குக் கிடைப்பதுதான் தடையே! காற்றுப்பொறிக்குப் பணம் வேண்டும். அதை ஓட்ட மின்சாரம் வேண்டும். வடிகட்டியை மாற்ற ஆள் வேண்டும். துடைப்பம் மலிவு. துடைப்பம் பிடிப்பவன் அதனினும் மலிவு.

சட்டம் இருக்கிறதே, சோதனை நடக்காதா என்பீர்கள். 2014இல் சியாட்டில் டைம்ஸ் நாளேடு இதைத் துருவிப் பார்த்தது. நாடு முழுவதிலும் வணிகச் சுடுகூடங்களில் பத்தாண்டுக் காலத்தில் அதிகாரிகள் நுழைந்து பார்த்தவை 201. அவற்றில் நூற்றுக்கு 86 இடங்களில் காரீய விதிகளில் ஒன்றேனும் மீறப்பட்டிருந்தது. நுழைந்து பார்த்த இடத்திலேயே இந்தக் கதையென்றால், நுழையாத இடத்தின் கதையை யார் எழுதுவது? அதே ஆண்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் வார ஏடு ஒரு கணக்கை வெளியிட்டது: 2002 முதல் 2012 வரை, காவல் பணியிலும், சுடுகூடங்களையும் உள்ளடக்கிய கேளிக்கைத் தொழிலிலும் இருந்தவர்களில் 2,056 பேருக்குக் குருதியில் காரீயம் 10 அல்லது அதற்கு மேல். வந்து பதிவானவர்கள் மட்டும் இவர்கள். குருதியைச் சோதிக்காதவன் எந்தக் கணக்கில் வருவான்? காற்றை முதலில் அளந்து, "இங்கே அளவுக்கு மேல்" என்று ஒப்புக்கொள்ள வேண்டியவர் யார்? உரிமையாளரே. திருடனிடம் பூட்டைக் கொடுத்து, "களவு போனால் சொல்லியனுப்பு" என்பதைப்போல!

கூட்டுபவன் மட்டுமா? 2012இல் வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ நகரிலே ஒரு சுடுகூடத்தைப் புதுப்பிக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள் காரீயத் தூசியிலே நின்று வேலை செய்து நஞ்சேறினார்கள். ஒரு துப்பாக்கியைத் தொட்டவர்களல்லர் அவர்கள், சுவரை இடித்தவர்கள். படைவீரர் கூடங்களின் கதையோ இன்னும் பரிதாபம். 2016இல் ஆரிகோனியன் நாளேடு வெளிப்படுத்தியது: தேசியக் காவற்படைக் கட்டடங்கள் நூற்றுக்கணக்கானவற்றில் உள்ளே இருந்த சுடுகூடத்துத் தூசு கட்டடமெங்கும் பரவியிருந்தது. அந்தக் கட்டடங்களிலே திருமணம் நடத்தியிருக்கிறார்கள். சிறுவர் கூட்டங்கள் நடத்தியிருக்கிறார்கள். தவழும் குழந்தைகள் அந்தத் தரையிலே தவழ்ந்திருக்கின்றன.

விந்தைக்கு மேல் விந்தை ஒன்று கேளுங்கள். கூட்டாட்சியின் தொழிற்பாதுகாப்புச் சட்டம் மாநில அரசு, நகராட்சி ஊழியர்களைத் தழுவுவதில்லை; அந்தந்த மாநிலம் தனக்கெனத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தாலொழிய. டெக்சாஸில் இல்லை, புளோரிடாவில் இல்லை. ஆக, ஊருக்கெல்லாம் சட்டத்தைக் காக்கும் காவலன், நாள்தோறும் நின்று மற்றவருக்குச் சுடக் கற்றுக்கொடுக்கும் நகரக் காவல் பயிற்சியாளன், அவனைக் காக்க அந்தச் சட்டம் வராது! இடுப்பிலே துப்பாக்கி, சட்டையிலே பதக்கம், எலும்பிலே காரீயம்.

இவ்வளவையும் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்காவல்ல, தோழர்களே. நம் ஏடுகள் பிறந்த அச்சுக்கூடங்கள். கணினி வருவதற்கு முன், நம் தலைவர்கள் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் காரீயம் கலந்த வார்ப்பு எழுத்தாகத்தானே நின்றது? அவற்றைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவர் விரல்கள் கருத்துப்போயிருந்தன. எங்கள் பகுதியிலே எண்பதைத் தாண்டிய முதியவர் ஒருவர் இருக்கிறார், வாழ்நாளெல்லாம் அச்சுக்கோத்தவர். சென்ற மாதம் அவரிடம் கேட்டேன்: "ஐயா, காரீயம் கேடு என்று உங்களுக்கு எவரும் சொல்லவில்லையா?" சிரித்தார். "சொன்னார்கள் தம்பி. முதன்முதலில் நான் வேலை பார்த்த அச்சகத்திலே சாயங்காலம் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார் முதலாளி. தின்றால் ஈயம் இறங்கிவிடுமாம். பழம் தீர்ந்த நாளில், கையை நன்றாகக் கழுவிக்கொள் என்பார்" என்றார்.

வாழைப்பழத்துக்குக் காரீயத்தை இறக்கும் ஆற்றல் கிடையாது. ஆனால் இல்லினாயிலும் இங்கேயும், ஒருவரையொருவர் கண்டறியாத முதலாளிகள் ஒரே வசனத்தைப் பேசியிருக்கிறார்களே, யார் எழுதிக் கொடுத்தார்கள்? அந்தப் பெரியவர் கோத்த எழுத்துகளிலேதான் நாம் உரிமையைப் படித்தோம். அந்த நன்றிக்கடன் இருப்பதால்தான், கடல் கடந்த துடைப்பக்காரனுக்காக இந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை நிரப்புகிறேன்.

வழி இல்லாமலில்லை. கலிபோர்னியா மாநிலம் செய்து காட்டியிருக்கிறது. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து அங்கே காற்றில் இருக்கக்கூடிய காரீயம் 50 அல்ல, 10. நடவடிக்கை தொடங்க வேண்டிய அளவு 30 அல்ல, 2. வேலையிலிருந்து விலக்கும் குருதி அளவு 60 அல்ல, 30. அதுவும் எளிதில் வந்ததன்று. அந்த மாநிலத்தின் பொதுநலத் துறை 2013இல் பரிந்துரைத்தது. விதியாக நிறைவேறியது 2024இல். பதினோரு ஆண்டு! விதி வந்தால் தொழில் அழியும் என்ற ஓலம் அங்கேயும் கேட்டது. 1978இலும் கேட்ட ஓலந்தான்.

கூட்டாட்சி அரசு? 2022 ஜூனில் ஓஷா ஓர் அறிவிப்பை வெளியிட்டது. குருதி அளவைக் குறைக்கலாமா, எவ்வளவு குறைக்கலாம், கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டது. மருத்துவர்கள் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் சொன்னார்கள். முதலாளிகளும் சொன்னார்கள். கேட்டுக்கொண்ட கோப்பு மேசை மேல் இருக்கிறது. 60 என்ற எண் ஏட்டிலே இருக்கிறது. இன்று மாலையும் ஏதோ ஒரு கூடத்திலே கடைசி வாடிக்கையாளர் துப்பாக்கியை உறையிலிட்டுக் கிளம்பியபின், விளக்கு அணைவதற்கு முன், ஒருவன் உலர்ந்த துடைப்பத்தை எடுப்பான்.